கல் போல் உறைந்த வெண்ணெய்

அன்பு மகள் சிட்டுவுக்கு,

நீயும் மாப்பிள்ளையும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல், நேரத்துக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குத் தூங்கி இருப்பீர்கள் என்று நம்பி இதை எழுதுகிறேன். இங்கே நான் நலம். ஒவ்வொரு கடிதத்திலும் வழக்கத்துக்கு எழுதுகிற நலம் இல்லை இது, உண்மையாகவே நலம். அதை ஏன் இப்படிப் பிரித்துச் சொல்கிறேன் என்பது போகப்போக உனக்கு விளங்கும். ஆனால் கடிதத்தைப் பிரித்ததும் கண்ணை ஓட்டி நடுப்பக்கத்தில் விஷயத்தைத் தேடுகிற பழக்கம் உனக்கு உண்டு என்பதால் விஷயத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். நான் வீட்டைக் காலி செய்யவில்லை. முதியோர் இல்லத்துக்குப் போகவில்லை. போன கடிதத்தில் எழுதியதை எல்லாம் நான் எழுதாததாகவும் நீ படிக்காததாகவும் வைத்துக்கொள்வோம். அதற்குப் பிறகு நீ எத்தனை தடவை போன் செய்து, என்னம்மா ஆச்சு, அண்ணி ஏதாவது சொன்னாங்களா, அண்ணனோட சண்டையா என்று துருவித் துருவிக் கேட்டாய், நானும் வயசானா எடுக்கிற முடிவுதான் என்று ஒரே பதிலைச் சொல்லி ரிசீவரை வைத்தேன். உனக்கு என்மேல் கோபம் வந்திருக்கும். வந்தது நியாயம்தான். இப்போது நடந்ததை முழுவதும் சொல்கிறேன். போனில் சொன்னால் நீ குறுக்கே பேசுவாய், கடிதத்தில் யாரும் என்னை இடைமறிக்க முடியாது.

நம் வீட்டு உப்பு பிஸ்கட்டையும் மூன்றடுக்கையும் பற்றி உனக்கு நான் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் கடைகளில் கிராக்கர் என்று அட்டைப்பெட்டியில் போட்டு விற்கிறார்களே, அதெல்லாம் அட்டைப்பெட்டியோடு சேர்த்துத் தின்றாலும் வித்தியாசம் தெரியாது. நான் செய்வது தாள் போல மெல்லியதாகத் தேய்த்து, முள்கரண்டியால் வரிசை பிசகாமல் குத்தி, மேலே எள் தூவி, ஓவனில் வைத்து எடுத்தால் டக்கென்று ஒடிய வேண்டும். உன் அப்பா இருந்தவரை, அந்தச் சத்தம் கேட்டால் பேப்பரை மடித்து வைத்துவிட்டு வந்துவிடுவார். மூன்றடுக்குக்கு அடுப்பே வேண்டாம். கீழே பொடித்த பிஸ்கட்டும் கோகோவும் உருக்கிய வெண்ணெயும், நடுவில் சர்க்கரைப் பொடியும் கஸ்டர்ட் பவுடரும் வெண்ணெயோடு அடித்தது, மேலே சாக்லேட். ஃப்ரிட்ஜில் இறுகியதும் வெந்நீரில் நனைத்த கத்தியால் வெட்டினால் மூன்று நிறமும் கோடு போட்டது மாதிரி நிற்க வேண்டும். இரண்டிலுமே உயிர் வெண்ணெய்தான். கடையில் கிடைக்கும் உப்புப் போட்ட வெண்ணெய். அதிலேயே உப்பு இருப்பதால் பிஸ்கட் மாவில் தனியாக ஒரு சிட்டிகைதான் போடுவேன். இவ்வளவையும் செய்துவிட்டு நான் ஒரு துணுக்குக்கூட வாயில் வைப்பதில்லை என்பதும் உனக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தில் எங்கள் சமையல் வகுப்பு சிஸ்டர், பாத்திரத்தில் விரல் விட்டு நக்குகிறவளைக் கதவுக்கு வெளியே நிறுத்திவிடுவார். அளந்து போட்டவளுக்கு ருசி பார்க்க என்ன அவசியம் என்பார். அந்தப் பழக்கம் ஒன்று. போன வருஷம் டாக்டர் கொலஸ்ட்ரால் என்று பயமுறுத்தியதிலிருந்து வெண்ணெயை என் தட்டுக்கு அருகில் வரவிடுவதில்லை என்று எனக்கு நானே போட்டுக்கொண்ட கட்டளை மற்றொன்று. பிறருக்குச் செய்வேன், நான் தொட மாட்டேன். சொன்னால் சொன்னதுதான் என்று உனக்குத் தெரியும், உன் அண்ணனுக்குத்தான் தெரியவில்லை.

என் விரல் மூட்டுகள் முன்போல் இல்லை. தேய்ப்பதும் அழுத்துவதும் உள்ளங்கை வேலை, அது நன்றாகவே வரும். பாக்கெட்டுத் தாளை உரிப்பது நகத்தின் வேலை, அது வராது. அதனால் சனிக்கிழமைதோறும், தனிக்குடித்தனம் இருக்கும் உன் அண்ணி எனக்குச் சாமான் வாங்கி வரும்போது, வெண்ணெய் தீர்ந்திருந்தால் புதிதாகப் பிரித்து, மூடி போட்ட பீங்கான் கிண்ணத்தில் வைத்து, ஃப்ரிட்ஜின் மேல் தட்டில் வைத்துவிட்டுப் போவாள். நல்ல பெண். நான் கேட்காமலே செய்கிறவள். கேட்காமலே செய்கிறவர்களிடம்தான் கொஞ்சம் எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது.

மழை தொடங்கிய சமயத்தில் ஒரு நாள் பிஸ்கட் செய்தேன். ஆறியதும் ஒன்றை எடுத்து ஒடித்தேன், ஒடியவில்லை. வளைந்தது. பழைய செருப்பின் தோல் மாதிரி வளைந்தது. மழை ஈரம் என்று நினைத்துக்கொண்டு இன்னும் கொஞ்ச நேரம் ஓவனில் வைத்தேன், ஓரம் கருகியதே தவிர நடுவில் அப்படியேதான் இருந்தது. கீழ்வீட்டுக் கணக்கு சாருக்குக் கொஞ்சம் கொடுத்தனுப்பினேன். ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார், மனசு நோகப் பேசத் தெரியாதவர். தலையைச் சொறிந்துகொண்டு, "நல்லாத்தான் இருக்கு மேடம், உப்பு மட்டும் கொஞ்சம் கூச்சப்பட்டுக்கிட்டு உள்ளயே உக்காந்திருக்கு" என்றார். எனக்குச் சுருக்கென்றது. உப்பு பிஸ்கட்டில் உப்புப் போட மறந்தவள் என்று இதுவரை என்னை யாரும் சொன்னதில்லை. அடுத்த தடவை சிட்டிகை உப்பைக் கண்ணெதிரே எடுத்து, வாய்விட்டு "உப்பு போட்டாயிற்று" என்று சொல்லிப் போட்டேன். சார் அந்தத் தடவையும் கூச்சத்தோடுதான் பாராட்டினார். அப்படியென்றால் என்ன அர்த்தம்? போட்டதாக நான் நினைக்கிறேனே தவிர போடவில்லை. அன்றைக்குத்தான் முதன்முதலாக என் ஞாபகத்தின் மேல் எனக்குச் சந்தேகம் வந்தது.

அதற்குப் பிறகு ஒவ்வொன்றாகக் கண்ணில் பட்டது. வெண்ணெய்க் கிண்ணத்தை ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்தால் கத்தி வைத்த உடனே வெண்ணெய் குழைகிறது. ஃப்ரிட்ஜில் இருந்த வெண்ணெய் அப்படி இருக்குமா? வெளியே எடுத்து மேஜையில் வைத்தால்தான் அப்படி இளகும். அப்படியானால் நானே காலையில் அதை எடுத்து வெளியே வைத்து, பிறகு திரும்ப உள்ளே வைத்து, இரண்டையும் மறந்துவிட்டேன் என்றுதானே ஆகிறது. வீட்டில் என்னைத் தவிர யார் இருக்கிறார்கள்? ஓவன் மேல் பழி போடப் பார்த்தேன். மெக்கானிக் வந்து சூட்டை அளந்து பார்த்து ஓவன் ஒழுங்காக இருக்கிறது என்று சொல்லிவிட்டார். மூன்றடுக்கு செய்து பார்த்தேன். கீழ் அடுக்கு ஈர மணல், நடு அடுக்கு கஞ்சி, மேலே இருந்த சாக்லேட் சறுக்கு மரத்தில் போகிற மாதிரி ஒரு பக்கமாக நழுவிப் போய்க் கிடந்தது. பல வருஷமாகக் கை பழகிய அளவு தவறுகிறது, செய்ததும் நினைவில் இல்லை. சிட்டு, உன் பெரியம்மாவுக்கு முதலில் வந்தது என்ன என்று உனக்கு ஞாபகம் இருக்கிறதா? காப்பியில் உப்பைப் போட்டாள். நாம் எல்லோரும் சிரித்தோம், அவளும் சிரித்தாள். கடைசியில் பெற்ற மகளையே எதிரில் உட்கார வைத்துக்கொண்டு, என் பொண்ணு எப்போ வருவா என்று அவளிடமே கேட்டாள். அந்த மகளின் முகத்தை நான் பார்த்தேன். அப்படி ஒரு முகத்தோடு நீ என் எதிரில் உட்காரக் கூடாது என்று அன்றைக்கே நினைத்திருந்தேன்.

யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் முதலில் ஓவனைப் பிடுங்குவார்கள், பிறகு கேஸ் அடுப்பை, பிறகு சாவிக்கொத்தை. நானே என்னைச் சோதித்துக்கொண்டேன். காலை வேளையில் ஜன்னல் திரையை இழுத்துவிட்டுக்கொண்டு அதே பிஸ்கட், அதே மூன்றடுக்கு, திரும்பத் திரும்பச் செய்து பார்த்தேன். எதுவும் தேறவில்லை. கணக்கு சாரின் நாய்க்குப் போட்டேன். ஜெனரல் என்று அவர் கூப்பிடுகிற அந்தத் தடியன் செருப்பைக்கூட விட்டு வைக்காதவன், என் பிஸ்கட்டை முகர்ந்து பார்த்துவிட்டு என்னை ஏறிட்டுப் பார்த்தான் பார், அந்தப் பார்வையை என் வாழ்நாளில் மறக்க மாட்டேன். மறதி வந்தாலும் அதை மறக்க மாட்டேன். அப்புறம்தான் மெயின் ரோடுக்குப் பின்னால் இருக்கும் முதியோர் இல்லத்தைப் போய்ப் பார்த்தேன். யாரோ சொல்லி நான் கிளம்பியதாக இருக்கக் கூடாது, நானே கிளம்பியதாக இருக்க வேண்டும். அறை சுத்தமாகத்தான் இருந்தது. ஒரு கட்டில், ஒரு அலமாரி, கொடிக்கம்பி தெரிகிற ஒரு ஜன்னல். சமையலறைப் பக்கம் யாரும் போகக் கூடாதாம். அங்கிருந்த மேற்பார்வைப் பெண் என்னைப் பார்த்து, பச்சைக் குழந்தையைக் கொஞ்சுகிற மாதிரி, "பாட்டி சமத்தா இருப்பாங்களாம், நேரத்துக்கு மம்மு சாப்பிடுவாங்களாம்" என்று இழுத்தாள். மம்மு! நான் அவள் மேஜையில் கோணலாக இருந்த நாட்காட்டியை நேராக வைத்துவிட்டு வந்தேன். அன்று மாலைதான் உனக்கு அந்தக் கடிதத்தை எழுதினேன், நீல விளிம்புத் தட்டுகளை நீ வந்து எடுத்துக்கொள் என்று. ஞாபக மறதிக்கென்று இருக்கிற டாக்டரிடமும் நேரம் கேட்டு வாங்கி வைத்தேன். உன் அண்ணனிடமும் அண்ணியிடமும் இல்லத்துக்குப் போகப்போகிறேன் என்று மட்டும் சொன்னேன். அவன் வாயைப் பிளந்துகொண்டு நின்றான், அவள் சமையலறைக்குள் போய்க் கழுவி வைத்த பாத்திரத்தையே மறுபடி கழுவினாள்.

இதற்கு நடுவில் நூலகத்து அம்மாள் ஓய்வு பெறுகிற நாள் வந்தது. நம் தெருமுனை நூலகத்தில் நீ பள்ளிக்கூடப் பையோடு போய் உட்கார்ந்திருப்பாயே, சத்தம் போட்டால் விரலைச் சொடுக்குவாரே, அவர்தான். வீட்டுக்கே வந்து கேட்டார். "பூங்கொத்து, பொன்னாடை எல்லாம் நூலகத்துல பாத்துக்குவாங்க. உங்க மூணடுக்கு இல்லாம நான் விடைபெற மாட்டேன், நாற்காலியிலேயே உக்காந்துக்குவேன்" என்றார். இல்லை என்று எப்படிச் சொல்வது? இதுதான் கடைசித் தட்டு, இதையாவது எப்படியாவது சரியாகச் செய்துவிட வேண்டும் என்று மனசுக்குள் ஒரு வைராக்கியம். சனிக்கிழமை மாலை விழா. வியாழக்கிழமை ஒரு முறை ஒத்திகை பார்த்தேன், அதுவும் கஞ்சி. கிண்ணத்தில் அடியில் ஒட்டியிருந்ததுதான் மிச்சம். அண்ணியைக் கேட்டால், இவ்வளவு சீக்கிரம் எப்படித் தீர்ந்தது என்ற கேள்வி வரும். அதனால் வெள்ளிக்கிழமை காலையில் குடையையும் கைத்தடியையும் எடுத்துக்கொண்டு, படிக்கட்டின் கைப்பிடியைப் பிடித்து இறங்கி, நானே கடைக்குப் போய் இரண்டு பாக்கெட் வெண்ணெய் வாங்கி வந்தேன். ஏறி வந்ததும் மூச்சு வாங்கியது. பாக்கெட்டுகளை ஃப்ரிட்ஜில் கிண்ணத்தின் பக்கத்திலேயே வைத்துவிட்டுக் கொஞ்சம் படுத்தேன். மத்தியானம் எழுந்து கத்தரிக்கோலால் தாளை வெட்டி, கத்தியை வைத்தேன்.

கத்தி இறங்கவில்லை, சிட்டு. கல் மாதிரி இருந்தது. அழுத்தினேன், கத்திதான் வழுக்கியது. பிறகு கிண்ணத்தை எடுத்து மூடியைத் திறந்தேன். அடியில் ஒட்டியிருந்தது அப்போதுதான் தடவின களிம்பு மாதிரி இளகிக் கிடந்தது. அதே ஃப்ரிட்ஜ், அதே தட்டு, அதே குளிர். இது உறைகிறது, அது உறையவில்லை. அப்படியென்றால் நான் அதை வெளியே எடுத்து வைத்து மறக்கவே இல்லை. அதற்கு உறையவே தெரியாது. என் வாழ்க்கையில் முதல் தடவையாக, சிஸ்டர் எங்கிருந்தாலும் மன்னிக்கட்டும், கிண்ணத்துக்குள் விரலை விட்டு நாக்கில் வைத்தேன். உப்பும் இல்லை, வெண்ணெயும் இல்லை, தண்ணீரில் கரைத்த மெழுகுவர்த்தி மாதிரி ஏதோ ஒன்று. பாக்கெட்டிலிருந்து ஒரு துணுக்கைச் சுரண்டி வாயில் வைத்தேன், உப்பும் வாசனையுமாக அது வெண்ணெய். சமையலறை ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். அழுதேன் என்று எழுத மாட்டேன். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க வேண்டியிருந்தது, பல தடவை.

பிறகு உன் அண்ணியின் வேலையிடத்துக்குப் போன் செய்தேன். அவள் மூக்குக் கண்ணாடிக் கடையில் யாருக்கோ கண் சோதிக்கிற எழுத்துப் பலகையைக் காட்டிக்கொண்டிருந்தாளாம். நான் ஒரே ஒரு வாக்கியம்தான் சொன்னேன், "வெண்ணெய்க் கிண்ணத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், நீ வருகிறாயா" என்று. அந்தப் பக்கமிருந்து, "வந்துட்டேன் அத்தை" என்று ஒரு கீச்சுக்குரல். கடைச் சீருடையோடு, கழுத்தில் அடையாள அட்டையோடு ஓடி வந்தாள். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே சொல்ல ஆரம்பித்துவிட்டாள். டாக்டர் வெண்ணெயை அடியோடு நிறுத்தச் சொன்னதை உன் அண்ணன் அவளிடம் சொல்லியிருக்கிறான். இரண்டு பேருமாகச் சேர்ந்து, டப்பாவில் வருகிறதே, பாதிக்குப் பாதி தண்ணீர் அடித்துச் சேர்த்த கொழுப்புக் குறைந்த மஞ்சள் களிம்பு, அதை வாங்கி என் கிண்ணத்தில் நிரப்பியிருக்கிறார்கள். சும்மா நிரப்பவில்லை. கத்தியின் தட்டைப் பக்கத்தால் நாலு புறமும் தட்டி, பாக்கெட் வெண்ணெய் மாதிரி செங்கல் வடிவத்துக்குக் கொண்டு வந்து, மேலே தாளின் மடிப்புக் கோடுகூட இழுத்து வைத்திருக்கிறாள். அவ்வளவு நேர்த்தியை இந்தப் பெண்ணிடம் நான் எதிர்பார்க்கவில்லை, கோபத்துக்கு நடுவிலும் மனசுக்குள் மதிப்பெண் போட்டேன். என்னிடம் நேராகச் சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன். "சொல்லியிருக்கலாமா அத்தை? போன தடவை காப்பிக்குச் சர்க்கரையைக் குறைச்சுக்கலாமான்னு கேட்டதுக்கு ஒரு மாசம் எங்கிட்ட, வாருங்கள், அமருங்கள், நீர் அருந்துகிறீர்களான்னு செந்தமிழ்ல பேசினீங்க. எனக்கு ஜுரமே வந்துருச்சு" என்றாள். அது உண்மைதான், நான் மறுக்கவில்லை.

ஆனால் நான் வெண்ணெயை வாயில் வைப்பதே இல்லையே, அப்புறம் எதற்கு இந்த வேஷம் என்றேன். அவள் கண்ணை உருட்டிக்கொண்டு, "கிண்ணம் வாரா வாரம் வழிச்சு நக்கினாப்ல காலியாகுது அத்தை. மொதல்ல மாசத்துக்கு ஒண்ணு, அப்புறம் வாரத்துக்கு ஒண்ணு. யாரும் இல்லாதப்ப ரொட்டியில அப்பிச் சாப்பிடுறீங்கன்னு நெனச்சோம். நல்லவேளை மாத்தி வெச்சோம், இல்லேன்னா என்ன ஆயிருக்கும்னு அவர்கூடச் சொன்னார்" என்றாள். எனக்கு விளங்கியது. பிஸ்கட் கெட்டுப்போகிறதே என்று நான் சோதிக்கச் சோதிக்கக் கிண்ணம் காலியாகிறது. கிண்ணம் காலியாகக் காலியாக இவர்கள் இன்னும் பொய் வெண்ணெயாக நிரப்புகிறார்கள். அதை வைத்து நான் மறுபடி சோதிக்கிறேன். திரையை இழுத்துவிட்டுக்கொண்டு நான் செய்ததை எல்லாம் சொன்னேன், ஜெனரல் என்னைப் பார்த்த பார்வையையும் சொன்னேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், பிறகு பொத்தாமலே சிரித்தாள், பிறகு நானும். சிரித்து முடித்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. முகம் மாறிவிட்டது. "இல்லத்துக்குப் போறேன்னு சொன்னது இதுக்குத்தானா அத்தை? பிஸ்கட் நமுத்துப் போச்சுன்னா வீட்டை விட்டுப் போவாங்க? எங்க மேல வெறுப்புன்னு நெனச்சு நான் எத்தனை நாள் குளியலறையில குழாயைத் திறந்து விட்டுட்டு அழுதேன் தெரியுமா? ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?" என்றாள். நீயும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் என்றேன். இரண்டு பேரும் சரிக்குச் சரியாகிவிட்டோம். உன் பெரியம்மாவைப் பற்றி நான் அவளிடம் சொல்லவே தேவையில்லாமல் போனது, அவளாகவே என் பயத்தைப் புரிந்துகொண்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள். நானும் எடுக்கவில்லை.

அன்று அவள் கடைக்குத் திரும்பவில்லை. மூன்றடுக்கின் அடி அடுக்குக்காகக் கடை பிஸ்கட்டைத் துணிப்பையில் போட்டுக் குழவியால் அடித்தாள், யார் மேல் கோபமோ, மாவாகவே ஆக்கிவிட்டாள். நான் அளந்தேன், உருக்கினேன், அடித்தேன். சாயங்காலம் அவளைக் கூட்டிப் போக உன் அண்ணன் வந்தான். கதவை அரை அடி திறந்து தலையை மட்டும் நீட்டி, "விஷயம் வெளிய வந்துருச்சா? நான் உள்ள வரலாமா, இல்ல இப்படியே வேற ஊருக்குப் போயிடட்டுமா?" என்றான். "உள்ளே வாருங்கள், அமருங்கள்" என்றேன். அவன் முகம் போன போக்கைப் பார்த்து அவளுக்குப் புரை ஏறிவிட்டது. அவர்கள் வீட்டில் மிச்சமிருக்கும் டப்பா அத்தனையையும் அவனையே தின்று தீர்க்கச் சொன்னேன். அவன் வயிற்றைப் பார்த்தால் அது யாருக்கு வேண்டும் என்பது டாக்டர் சொல்லாமலே தெரிகிறது.

சனிக்கிழமை காலையில் பிஸ்கட்டை ஓவனிலிருந்து எடுத்து ஆற வைத்து, ஒன்றை எடுத்து ஒடித்தேன். டக். அந்த ஒரு சத்தத்துக்காக நான் இத்தனை நாள் காத்திருந்தேன் என்று அப்போதுதான் தெரிந்தது. மூன்றடுக்கு கத்திக்குத் தலை வணங்கி, கோடு போட்டது மாதிரி நின்றது. நூலகத்து வாசிப்பறையில் மேஜைகளைச் சேர்த்துப் போட்டு வெள்ளைத் துணி விரித்திருந்தார்கள். நூலகத்து அம்மாள் ஒரு துண்டை எடுத்து, பக்கவாட்டில் திருப்பிப் பார்த்து, "இத்தனை வருஷத்துல எந்தப் புத்தகத்தோட கட்டும் இவ்வளவு ஒழுங்கா இருந்ததில்லை" என்றார். கணக்கு சார் பிஸ்கட்டைக் கடித்துவிட்டு என்னைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தினார், உப்பு கூச்சத்தை விட்டுவிட்டது என்று அர்த்தம். ஒரு பிஸ்கட்டை ஜெனரலுக்கும் எடுத்து வந்தேன். சாப்பிட்டுவிட்டுத் தட்டையும் நக்கினான். அவன் கருத்தை நான் மதிக்கிறேன்.

ஞாபக டாக்டரிடம் போக வேண்டாம், அதுதான் தெளிந்துவிட்டதே என்று உன் அண்ணன் சொன்னான். நான் போனேன். வெண்ணெய் விஷயம் வெண்ணெய்க்குத்தான் பதில் சொல்லும், மற்றதற்குச் சொல்லாது. அவர் சில வார்த்தைகளைச் சொல்லிப் பிறகு திருப்பிச் சொல்லச் சொன்னார், கடிகாரம் வரையச் சொன்னார், எண்களைப் பின்னாலிருந்து எண்ணச் சொன்னார். கடிகாரத்தை எங்கள் பள்ளி மணிக்கூண்டு மாதிரி ரோமன் எண்ணில் வரைந்தேன். அவர் நர்ஸைக் கூப்பிட்டுக் காட்டினார். "வயசுக்கேத்த சாதாரண மறதிதாம்மா, சாவியைத் தேடறது, பேரு நாக்கு நுனியில நிக்கறது, அது எனக்கே இருக்கு. வருஷத்துக்கு ஒரு தடவை வந்து காட்டுங்க, போதும்" என்றார். ரத்தமும் எடுத்துப் பார்த்தார்கள், கொலஸ்ட்ரால் இறங்கியிருக்கிறது. நான் சொன்னால் சொன்னதுதான் என்பதற்கு ஆஸ்பத்திரியே சாட்சி சொல்லிவிட்டது. அந்த ரிப்போர்ட்டை அண்ணிக்குப் படித்துக் காட்டினேன், இரண்டு தடவை. இல்லத்துக்குப் போன் செய்து எனக்கு அறை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். மம்மு என்றாளே, அந்தப் பெண்தான் எடுத்தாள். கோபப்படவில்லை. அவளுக்கும் ஒரு பெட்டி மூன்றடுக்கு கொடுத்தனுப்பினேன், அவ்வளவு மலிவாக விட்டுவிட மாட்டேன், பெட்டியின் மேல் "பல் உள்ளவர்கள் கடித்துச் சாப்பிட வேண்டியது" என்று எழுதித்தான் அனுப்பினேன்.

இனி உன் விஷயம். படுக்கையறைச் சுவரில் ஈரம் ஏறுகிறது என்று சொன்னாயே, வீட்டுக்காரரிடம் வாய்வார்த்தையாகச் சொல்லி விட்டுவிடாதே, எழுதிக் கொடு. மாப்பிள்ளை வேலை மாறியதில் உனக்குக் கலக்கம் இருக்கிறது என்பது போனில் உன் குரலிலேயே தெரிகிறது, நீ சிரித்து மழுப்பினாலும் எனக்குத் தெரியும். கலக்கமாக இருந்தால் அவரிடம் சொல்லு, என்னிடமும் சொல்லு. திரையை இழுத்துவிட்டுக்கொண்டு தனியாகச் சோதனை செய்கிற புத்தி உனக்கும் என்னிடமிருந்துதான் வந்திருக்கிறது, அதை மட்டும் என்னோடு நிறுத்திக்கொள்வோம். கடைவாய்ப் பல்லைக் காட்டினாயா இல்லையா? இரவுப் பணி முடிந்து வெறும் வயிற்றோடு தூங்காதே. நீல விளிம்புத் தட்டுகள் உன்னுடையவைதான், சொன்ன சொல்லை மாற்ற மாட்டேன். ஆனால் அவற்றை எடுத்துப் போக நீ வர வேண்டாம். அவற்றில் சாப்பிட வா. மூன்றடுக்கு தபாலில் தாங்காது, அது வேண்டுமென்றால் நீயும் மாப்பிள்ளையும்தான் கிளம்பி வர வேண்டும்.

இந்தக் கடிதத்தோடு ஒரு தகர டப்பா நிறைய உப்பு பிஸ்கட் வருகிறது. ஒவ்வொரு வரிசைக்கும் நடுவில் தாள் வைத்திருக்கிறேன், அவசரப்பட்டுக் கொட்டாதே. நீங்கள் இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் மறைக்காமல், சிரிப்பும் நல்ல சுகமுமாக நீண்ட நாள் இருக்க என் மனமார்ந்த ஆசீர்வாதம். ஒன்று மட்டும் மறக்காதே. டப்பாவைத் திறந்ததும் சாப்பிட்டுவிடாமல் எனக்குப் போன் செய்து, ஒரு பிஸ்கட்டை ரிசீவருக்குப் பக்கத்தில் வைத்து ஒடி. நீ ஒன்றும் பேச வேண்டாம். அந்தச் சத்தம் எனக்குக் கேட்டால் போதும்.

நல்ல நினைவோடு இருக்கும்,
உன் அம்மா